தூக்காத கை

அன்று கரும்பலகையில் 444, 94 என்று இரண்டே எண்களை எழுதியிருந்தேன். 1933 மார்ச் 23. நாடாளுமன்றத்தைக் கேட்காமலே சட்டம் போடும் அதிகாரத்தை ஹிட்லர் அரசுக்குத் தூக்கிக் கொடுத்த வாக்கெடுப்பு. கம்யூனிஸ்ட் உறுப்பினர்கள் 81 பேரை உள்ளேயே விடவில்லை. எதிர்த்த 94 பேரும் சமூக ஜனநாயகக் கட்சிக்காரர்கள். கூட்டம் நடந்த க்ரோல் ஓபரா அரங்குக்குள்ளேயே ஹிட்லர் கட்சியின் பழுப்புச் சட்டைப் படையினர் நின்றதையும் சொல்லிவிட்டு, "நீங்க அந்த 94 பேரோட நின்னிருப்பீங்களா? கை தூக்குங்க" என்றேன்.

ஒரு கை மட்டும் உயரவில்லை.

"பயமா இருந்திருக்கும் சார். வீட்டுல அம்மா, தம்பியெல்லாம் இருக்காங்கல்ல."

"உன்ன மாதிரி ஆளுங்களாலதான் அது நடந்துச்சு" என்று சொல்லிவிட்டேன். வகுப்பே சிரித்தது. அவள் பேனா மூடியைத் திருகியபடி குனிந்துகொண்டாள்.

நான் சொன்னதில் தவறில்லை என்றுதான் வெகுநாள் நினைத்தேன். மார்ச் 5 தேர்தலில் நாஜிக் கட்சிக்குக் கிடைத்தது 43.9 சதவீதம்தான். மீதிக்கு மற்றவர்கள் கை கொடுத்தார்கள். கத்தோலிக்க மையக் கட்சி, ஹிட்லர் எழுத்தில் தருவதாகச் சொன்ன உறுதிமொழிக் கடிதத்தை நம்பி ஆதரித்தது. கடிதம் வரவே இல்லை. ஜூலை 5 அன்று கட்சியே தன்னைக் கலைத்துக்கொண்டது. அவர்களுக்கும் பயம் இருந்தது, குடும்பம் இருந்தது. 'பயந்தார்கள், பாவம்' என்று விட்டுவிட்டால் இந்தப் பாடத்தை எதற்கு நடத்துவது?

ஆனால் கடைசி பெஞ்சில் இரண்டு பேர், பக்கத்தில் எத்தனை கை உயர்ந்திருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் தங்கள் கையைத் தூக்கினார்கள். அதை நான் கண்ணால் பார்த்தேன். அவர்களை ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு வேண்டிய பதில் என் முகத்திலேயே எழுதியிருந்திருக்கும். அதைப் படித்த பிறகும் கையைக் கீழேயே வைத்திருந்தவள் அவள் ஒருத்திதான். நான் அன்று கை தூக்கவும் இல்லை. என் கையில் சாக்பீஸ் இருந்தது. அந்த அரங்கில் நான் என்ன செய்திருப்பேன்? தெரியவில்லை. தெரியாததை ஒரு பிள்ளையிடம் அத்தனை அதிகாரமாகக் கேட்டிருக்கிறேன். ஒருவேளை கேட்கத்தான் வேண்டுமோ, அதுவும் புரியவில்லை.

தேர்வில் அந்தக் கேள்வி வந்தது. "நானும் 94 பேரோடு நின்றிருப்பேன்" என்று அழகான கையெழுத்தில் எழுதியிருந்தாள். கொஞ்ச நேரம் பேனா ஓடவில்லை. பிறகு முழு மதிப்பெண் போட்டேன். விடைத்தாளை வாங்கியவள் அந்தப் பக்கத்தைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை.