பெட்டி வரும் நாள்: ஒரு காய்கறிப் பங்கின் நாட்குறிப்பு

பிப்ரவரி 12

முன்பணம் கட்டிப் பண்ணையில் பங்கு சேர்ந்து, பருவம் முழுதும் வாரம் ஒரு பெட்டி காய்கறி பெறும் ஏற்பாடு; பங்கு சேர வேண்டிய மாதம் இது. விதை, உரம், நாற்றங்கால், கூலி என்று பண்ணைக்குச் செலவு இப்போதே வந்து நிற்கிறது; அறுவடைக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. அந்த இடைவெளியைக் கடன் வாங்கிக் கடக்காமல், சாப்பிடப் போகிறவர்களே முன்பணம் கொடுத்துக் கடத்திவிடுவதுதான் இந்த ஏற்பாட்டின் உயிர்.

கொடுக்கும் பணம் காய்க்கு விலை என்று நினைத்துச் சேர்ந்தால் நாலாவது வாரமே மனக்கசப்பு வரும். நாம் கொடுப்பது அந்த நிலத்தின் ஓராண்டுச் செலவில் நம் பங்கு. விளைந்தது எவ்வளவோ அதைப் பகிர்ந்துகொள்கிறோம், விளையாமல் போனதையும்தான். ஜப்பானில் 1970களில் ‘தெய்க்கெய்’ என்ற பெயரில் குடும்பங்களும் உழவர்களும் நேரடியாகக் கைகோத்தார்கள். 1978இல் ஜெனீவாவில் ஒரு கூட்டுப் பண்ணை தொடங்கியது. அமெரிக்காவில் 1986இல் மாசசூசெட்ஸின் இந்தியன் லைன் பண்ணையும், நியூ ஹாம்ப்ஷயரின் டெம்பிள்-வில்டன் பண்ணையும் இதே வழியில் இறங்கின. நடைமுறை இடத்துக்கு இடம் மாறினாலும், நட்டத்தை உழவர் ஒருவரே சுமக்கக் கூடாது என்பதில் எல்லாம் ஒன்று.

பிப்ரவரி 20

முழுப் பங்கா, அரைப் பங்கா? ஆசையை வைத்து முடிவெடுக்காமல் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு ஒருவருக்கு நாளொன்றுக்குக் காயும் பழமும் சேர்த்து 400 கிராம். உருளை போன்ற மாவுக்கிழங்குகள் இதில் சேராது. இரண்டு பேருக்கு வாரத்துக்கு 5.6 கிலோ. மூன்றில் ஒரு பங்கு பழம் என்று வைத்தால் காய்கறி மட்டும் சுமார் 3.7 கிலோ. வாரத்தில் எத்தனை வேளை வீட்டில் சமைக்கிறோம் என்பதை இதோடு பொருத்திப் பார்க்க வேண்டும். ஐந்து வேளைக்குக் குறைவாகச் சமைக்கும் வீட்டுக்கு அரைப் பங்கே போதும். இல்லையென்றால் பக்கத்து வீட்டோடு ஒரு முழுப் பங்கைப் பிரித்துக்கொள்ளலாம். அப்படிப் பிரிக்கும்போது ஒவ்வொரு காயையும் பாதியாக வெட்டாதீர்கள், வெட்டிய முகம்தான் முதலில் கெடும். ஒரு வாரம் அவர்கள், மறு வாரம் நாம் என்று முழுப் பெட்டியாக எடுப்பது மேல்.

கையெழுத்துப் போடுமுன் பண்ணையிடம் கேட்க வேண்டியவை: எத்தனை வாரம், எந்த நாள், எங்கே வந்து எடுப்பது. ஊருக்குப் போகும் வாரம் பெட்டி என்னவாகும். பெட்டியில் இருப்பதெல்லாம் சொந்த விளைச்சலா, வெளியிலிருந்தும் வாங்கிச் சேர்க்கிறார்களா. என்ன மருந்து அடிக்கிறார்கள். ஒரு பயிர் போனால் எப்படிச் சொல்வார்கள். கடைசிக் கேள்விக்கு வரும் பதிலைக் கவனமாகக் கேளுங்கள். போன ஆண்டு எது போயிற்று, ஏன் போயிற்று என்று தயங்காமல் சொல்லும் பண்ணையை நம்பலாம்.

மே 9, முதல் பெட்டி

முழுக்க இலை. லெட்டூஸ், பாலக்கீரை, முள்ளங்கி தழையோடு, வெங்காயத்தாள், கொத்தமல்லி. முதல் முறை சேர்ந்தவர்கள் திகைப்பது இங்கேதான்: தக்காளி எங்கே, கத்தரி எங்கே? குளிர்ச்சியில் தொடங்கி, வெயிலில் உச்சம் தொட்டு, மறுபடி குளிர்ச்சியில் முடிகிற பருவத்தில் இலைதான் முதலில் வரும். விதைத்த 25, 30 நாளில் முள்ளங்கி வந்துவிடும். காய்க்கும் செடி பூத்துப் பிஞ்சுவிட்டு முற்ற இரண்டு மூன்று மாதம் கேட்கும். மழையை நம்பிய நிலங்களில் வரிசை வேறாக இருந்தாலும் இலை முந்தி, காய் பிந்தி என்பது மாறாது.

பெட்டி வந்த முதல் ஒரு மணி நேரத்தில்தான் அந்த வாரத்தின் தலையெழுத்து இருக்கிறது. பெட்டியோடு ஃப்ரிட்ஜில் தள்ளிவிட்டால் மூன்றாம் நாள் பாதி குப்பைக்குப் போகும். வேலை இப்படி:

முதலில் கிழங்குகளிலிருந்து தழையை வெட்டி எடுக்க வேண்டும். தழை தன் ஈரத்துக்குக் கிழங்கைத்தான் உறிஞ்சும், இரண்டே நாளில் முள்ளங்கி ரப்பராக வளையும். கேரட்டில் ஒட்ட வெட்டலாம். பீட்ரூட்டில் மட்டும் இரண்டு மூன்று சென்டிமீட்டர் காம்பும் வாலும் இருக்கட்டும். இல்லாவிட்டால் வேகும்போது சாயம் வடிந்துவிடும். முள்ளங்கி, பீட்ரூட், நூக்கல் தழைகள் நல்ல கீரை. அவற்றைத் தனியே வைத்து முதலில் சமைக்க வேண்டும்.

அடுத்து இலைகள். கழுவாமல் வைப்பதே பொது விதி. இலையின் மேல் தண்ணீர் நின்றால் அழுகும், இலைக்குள் தண்ணீர் குறைந்தால் வாடும்; வேண்டியது ஈரமான காற்று, ஈரமான இலை அல்ல. அழுகல், மஞ்சள் இலைகளைக் கிள்ளி எறிந்துவிட்டு, உலர்ந்த பருத்தித் துணியில் தளர்வாகச் சுற்றி, மூடியுள்ள டப்பாவில் வைத்தால் ஒரு வாரம் நிற்கும். மண் அதிகம் ஒட்டியிருந்து கழுவியே ஆக வேண்டுமென்றால், நன்றாக உதறி, துணியில் ஒற்றி, முற்றிலும் காய்ந்த பிறகுதான் உள்ளே போக வேண்டும். கொத்தமல்லியைக் கண்ணாடி டம்ளரில் இரண்டு விரல் தண்ணீர் விட்டுப் பூங்கொத்து மாதிரி நிறுத்தி, மேலே ஒரு பையைக் கவிழ்த்து ஃப்ரிட்ஜில் வைக்கலாம். துளசி இனங்களை ஃப்ரிட்ஜுக்குள் விடக் கூடாது. குளிரில் கறுத்துப் போகும்.

வரும் வழியில் வாடியிருந்தால் பயப்பட வேண்டாம். நல்ல குளிர்ந்த தண்ணீரில் 15, 20 நிமிடம் மூழ்க வைத்தால் செல்கள் நீரை இழுத்து இலை நிமிர்ந்துவிடும். நுனி வழுவழுத்ததை மட்டும் எதுவும் மீட்காது.

மே 16

கடைக்குப் போகும் பழக்கத்தில் முதலில் என்ன சமைப்பது என்று தீர்மானிக்கிறோம், பிறகு வாங்குகிறோம். பெட்டி வரும் வீட்டில் இந்த வரிசை தலைகீழாக வேண்டும். பெட்டியைப் பிரித்ததும் எது எத்தனை நாள் தாங்கும் என்று ஒரு சீட்டில் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினால் போதும். முதல் இரண்டு நாள்: இளங்கீரை, தழைகள், காளான், பச்சைச் சோளம் (பறித்த நிமிடத்திலிருந்தே அதன் சர்க்கரை மாவாக மாறத் தொடங்கிவிடும்). மூன்று முதல் ஐந்து நாள்: பீன்ஸ், வெள்ளரி, கத்தரி, ப்ரோக்கோலி. அதன் பிறகு முட்டைக்கோஸ், கேரட், பீட்ரூட். பெட்டிக்கு முந்தைய நாள் ‘மிச்சம் தீர்க்கும் நாள்’. மீந்ததெல்லாம் ஒரே பானையில் சூப்பாகட்டும்.

ஜூன் 13

லெட்டூஸ் கசக்கிறது. பகல் நீண்டு வெயில் ஏறியதும் செடி நடுத்தண்டை நீட்டிப் பூக்கத் தயாராகிறது, அப்போது இலையில் கசப்பான பால் ஏறும். பாலக்கும் கொத்தமல்லியும்கூட இப்படித்தான் தண்டு நீட்டிப் பூக்கப் பார்க்கும். பண்ணையின் கவனக்குறைவு அல்ல இது. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை விதைத்துப் புதுப் பாத்தி கொண்டுவருவார்கள் என்றாலும், வெயிலின் உச்சத்தில் இடைவெளி விழத்தான் செய்யும்.

ஜூன் 27

இந்த வாரப் பெட்டி இலேசு. ப்ரோக்கோலி இல்லை. இலையைச் சல்லடையாகத் துளைக்கும் சிறு வண்டு நாற்றுப் பருவத்திலேயே பாத்தியை முடித்துவிட்டது. விஷ மருந்து அடிக்காத பண்ணையில் மெல்லிய வலைத்துணி போர்த்துவதுதான் காப்பு. அதையும் நட்ட அன்றே போர்த்த வேண்டும். வண்டு உள்ளே போன பிறகு போர்த்தினால் அதற்கு வீடு கட்டிக் கொடுத்ததாகிவிடும்.

இப்படிப்பட்ட வாரத்தில்தான் பங்கு என்ற சொல்லுக்குப் பொருள் புரிகிறது. சந்தைக்கு விற்கும் உழவராக இருந்தால் அந்தப் பாத்தியின் நட்டம் முழுதும் அவர் தலையில். இங்கே அது நூறு வீட்டில் ஆளுக்கு ஒரு கறி குறைந்ததோடு முடிகிறது. இருபது முப்பது வகை பயிரிடுவதும் இதற்காகத்தான். ஒன்று போனாலும் மற்றவை பெட்டியைத் தாங்கும். ஆனால் ஒரே காய் மூன்று ஆண்டு தொடர்ந்து போனால் காரணம் கேட்பதும் பங்குதாரரின் கடமை.

ஜூலை 18

காய்களின் காலம். இப்போது ஆகும் சேதத்தில் பெரும்பகுதி ஃப்ரிட்ஜின் குளிரால் வருவது. வெள்ளரியும் கத்தரியும் 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே சில நாள் இருந்தால் தோலில் குழி விழுந்து, உள்ளே நீர் கோத்துக்கொள்ளும். வீட்டு ஃப்ரிட்ஜ் 4 டிகிரி. ஆகவே இரண்டு நாளில் தீர்ப்பதென்றால் வெளியே நிழலில் வைக்கலாம். அதற்கு மேலென்றால் துணியில் சுற்றிக் காய்கறித் தட்டின் கதவோரம். தக்காளியைப் பழுக்கும் வரை கட்டாயம் வெளியே வைக்க வேண்டும், காம்புப் பக்கம் கீழாக. மிகப் பழுத்துவிட்டால் மட்டும் ஃப்ரிட்ஜ். சாப்பிடுமுன் வெளியே எடுத்துக் குளிர் விடட்டும்.

பழுக்கும் தக்காளியும் ஆப்பிளும் எத்திலீன் என்ற வாயுவை விடும். பக்கத்தில் இருக்கும் வெள்ளரி மஞ்சளாகும், கீரை உதிரும், கேரட் கசக்கும். கேரட் காரணமில்லாமல் கசந்தால் அதே தட்டில் ஆப்பிள் இருக்கிறதா என்று பாருங்கள். சுக்கினியோ வெள்ளரியோ வாயில் வைத்ததும் கடுங்கசப்பாக இருந்தால் விஷயம் வேறு. வேகவைத்தாலும் போகாத நச்சுக் கசப்பு அது, துப்பிவிட்டு முழுதையும் எறிய வேண்டும்.

ஆகஸ்ட் 8

வெள்ளம்போல் வருகிறது. பீன்ஸ் இரண்டு கிலோ, தக்காளி நான்கு. தக்காளி பூத்த வாரங்களில் வெயில் 32 டிகிரிக்கு மேல் போகாததால் பூ உதிரவில்லை. தக்காளி மகரந்தம் அதற்கு மேல் வெப்பத்தில் வலுவிழக்கும்.

பீன்ஸை உறைய வைக்கும் முறை: அரை கிலோவுக்கு நான்கு லிட்டர் தண்ணீர் நன்றாகக் கொதிக்க வேண்டும். காயைப் போட்டதும் கொதி அடங்கும். ஒரு நிமிடத்துக்குள் மறுபடி கொதிக்கவில்லையென்றால் காய் அதிகம் என்று பொருள். மறுகொதி வந்ததிலிருந்து மூன்று நிமிடம். கீரைக்கு இரண்டு. உடனே ஐஸ் தண்ணீரில் அதே அளவு நேரம். வடித்து, ஈரம் போகத் துடைத்து, தட்டில் ஒற்றை அடுக்காகப் பரப்பி உறையவிட்டுப் பிறகு பையில் காற்றில்லாமல் கட்டி, தேதி எழுத வேண்டும். இந்தக் கொதிநீர்க் குளியலைத் தவிர்த்தால், காயின் நொதிகள் உறைநிலையிலும் மெல்ல வேலை செய்து, சில வாரத்தில் நிறமும் மணமும் வைக்கோலாகிவிடும். தக்காளிக்கு இது எதுவும் வேண்டாம். முழுதாக அப்படியே உறைய வைத்து, வேண்டும்போது குழாய்த் தண்ணீரில் காட்டினால் தோல் கழன்று வரும்.

பாட்டிலில் அடைக்க நினைப்பவர்கள் ஒன்றை மனதில் வையுங்கள். பீன்ஸ், கேரட், பீட்ரூட்டைச் சும்மா கொதிநீரில் வைத்து மூடக் கூடாது. புளிப்பில்லாத, காற்றில்லாத இடத்தில் பாட்யுலினம் கிருமி நஞ்சு உண்டாக்கும். பார்வையிலோ மணத்திலோ தெரியாமலே போகலாம். pH அளவு 4.6க்கு மேல், அதாவது புளிப்புக் குறைவாக உள்ள காய்க்கு அழுத்தக் கலன் கட்டாயம். தக்காளியே எல்லைக்கோட்டில் நிற்பதால் லிட்டருக்கு இரண்டு மேசைக்கரண்டி பாட்டில் எலுமிச்சைச் சாறு சேர்க்கச் சொல்வார்கள். எண்ணெயில் மூழ்கவைத்த பச்சைப் பூண்டை வெளியே வைப்பதும் இதே ஆபத்து.

செப்டம்பர் 12

முட்டைக்கோஸ், ஒரு பூ இரண்டு கிலோ. இரண்டு வேளைக்கு மேல் யாருக்கும் ஓடாது. மெல்லியதாகச் சீவி, கிலோவுக்கு 20 முதல் 25 கிராம் உப்பு சேர்த்து, தன் நீரிலேயே மூழ்கும் வரை கையால் பிசைந்து, ஜாடியில் அழுத்தி, மேலே கனம் வைத்து, 18 முதல் 22 டிகிரியில் விட்டால் மூன்று, நான்கு வாரத்தில் புளிக்கும். உப்பைக் கரண்டியால் அளக்காதீர்கள். கல் உப்புக்கும் தூள் உப்புக்கும் ஒரே கரண்டியில் எடை வேறு. நீருக்கு மேல் எட்டிப் பார்க்கும் சீவலில்தான் பூஞ்சை பிடிக்கும். வெள்ளையாகத் தட்டையான படலம் என்றால் வழித்து எடுத்துவிடலாம். பஞ்சுபோல் நிறத்தோடு எழும்பியிருந்தால் ஜாடியோடு கொட்ட வேண்டும்.

அக்டோபர் 3, கடைசிப் பெட்டி, இருபத்திரண்டாம் வாரம்

பூசணி, உருளை, வெங்காயம், கேரட், பீட்ரூட். இவை நான்கு விதமான இடம் கேட்பவை. உருளைக்கு இருட்டும் 7 முதல் 10 டிகிரியும். வெளிச்சம் பட்டுப் பச்சையானால் அந்தப் பகுதியை ஆழமாக வெட்டி எறிய வேண்டும், ஃப்ரிட்ஜில் வைத்தால் மாவு சர்க்கரையாகி வறுக்கும்போது கருகும். வெங்காயத்துக்கு உலர்ந்த காற்று, சாக்கில் தொங்கவிடலாம். உருளையோடு ஒரே கூடையில் வேண்டாம், உருளையின் ஈரத்தில் வெங்காயம் முளைத்து அழுகும். பூசணிக்குக் காம்பு ஒடியாமல் இருக்க வேண்டும், 10 முதல் 15 டிகிரியில் பலகை மேல், ஒன்றையொன்று தொடாமல். கேரட்டும் பீட்ரூட்டும் கழுவாமல், ஈர மணலில் அடுக்கடுக்காக, உறையாத அளவுக்குக் குளிர்ந்த இடத்தில்.

வாரம் ஒரு முறை எல்லாவற்றையும் கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்க வேண்டும். மெத்தென்று ஆனது எதுவோ அது அன்றைய சமையல்.

அக்டோபர் 10

பண்ணையின் கருத்துப் படிவம் வந்திருக்கிறது. ‘நன்றாக இருந்தது’ என்ற ஒற்றை வரி அவர்களுக்கு எந்த வகையிலும் உதவாது. எந்த வாரம் எந்தக் காய் மிஞ்சிக் கெட்டது, எது போதவில்லை என்று ஃப்ரிட்ஜ் சீட்டுகளைப் பார்த்து எழுதினால் அடுத்த ஆண்டுப் பாத்திக் கணக்கே மாறும். இருபத்திரண்டு சீட்டில் நூக்கல் ஐந்து முறை மிஞ்சியிருக்கிறது. பீன்ஸ் எந்த வாரமும் மிஞ்சவில்லை. விதைப் பட்டியல் போடுமுன் படிவம் போய்ச் சேர வேண்டும்.