புக்கோவினாவின் சுவர்களும் கதைகளும்

ருமேனியாவின் வடகிழக்கில் புக்கோவினா என்ற பகுதியில் இருக்கிறது வொரோனெட்ஸ் மடம். அதன் தேவாலயத்தின் மேற்குச் சுவரில் கதவும் இல்லை, ஜன்னலும் இல்லை. முழுச் சுவரிலும் ஒரே ஓவியம்: இறுதித் தீர்ப்பு நாள். உச்சியில் தேவதூதர்கள் ராசிச் சின்னங்களோடு வானத்தைப் பாய் சுருட்டுவதுபோல் சுருட்டுகிறார்கள். கிறிஸ்துவின் காலடியிலிருந்து ஒரு நெருப்பு ஆறு கிளம்பி நரகத்துக்கு இறங்குகிறது. தண்டனைக்காக நிற்கும் கூட்டத்தில் தலைப்பாகை கட்டிய துருக்கியர்களும் உண்டு. இதை வரைந்த 1547இல், இந்தப் பகுதி சேர்ந்திருந்த மோல்டாவியா நாடு, துருக்கியரின் ஒட்டோமான் சுல்தானுக்குக் கப்பம் கட்டிக்கொண்டிருந்தது. கப்பம் வாங்குகிறவனை நரகத்தில் நிறுத்த நெஞ்சழுத்தம் வேண்டும்!

எனக்குப் பிடித்தது கீழ்ப்பகுதிதான். விலங்குகள் தாங்கள் தின்ற மனிதர்களின் கை, கால்களைக் கவ்விக்கொண்டு வந்து திருப்பிக் கொடுக்கின்றன. மான் மட்டும் சும்மா நிற்கிறது. அது யாரையும் தின்றதில்லையே! தூதர்கள் ஊதுவதும் கார்பேத்திய மலை இடையர்களின் நீண்ட கொம்பைத்தான். பின்னணியெல்லாம் பேர்போன அந்த வொரோனெட்ஸ் நீலம். ஆனால் வடக்குச் சுவரில் மழையும் காற்றும் பெரும்பாலானதை அழித்துவிட்டன.

இந்தக் கோயில் எழுந்த கதையை இங்கே எல்லோரும் சொல்வார்கள். 1476இல் சுல்தான் இரண்டாம் மெஹ்மதிடம் தோற்ற மோல்டாவியா மன்னர் ஷ்டெஃபான், மனம் உடைந்து தானியேல் என்ற துறவியின் குகைக் கதவைத் தட்டினாராம். துறவி ஜெபத்தில் இருந்தார். அரசராயிருந்தாலும் முடியும்வரை வெளியில் காத்திருக்கத்தான் வேண்டியிருந்தது. அப்புறம் துறவி, "நாட்டை விட்டுக்கொடுக்காதே, போரிடு, ஜெயித்தால் ஒரு மடம் கட்டு" என்றாராம். மடம் 1488இல் வந்தது, மே 26இல் தொடங்கி செப்டம்பர் 14இல் முடித்துவிட்டார்கள். தோல்விக்கும் கட்டடத்துக்கும் நடுவே 12 வருடம் இருப்பதைக் கதை கண்டுகொள்வதில்லை. தானியேலின் கல்லறை உள்ளேயே இருக்கிறது. 1775இல் ஆஸ்திரியா இந்தப் பகுதியை எடுத்துக்கொண்டது. பத்து வருடத்தில் மடத்தை மூடினார்கள். கன்னியாஸ்திரிகள் மறுபடி வந்தது 1991இல்தான்.

ஷ்டெஃபானின் கல்லறை வடக்கே புட்னா மடத்தில். மலைமேல் நின்று அவர் எய்த அம்பு விழுந்த இடத்தில் பலிபீடம் அமைத்ததாகச் சொல்கிறார்கள். 1992இல் ருமேனிய ஆர்த்தடாக்ஸ் திருச்சபை அவரைப் புனிதராகவே அறிவித்துவிட்டது. மடத்துக்குக் கொஞ்சம் தள்ளி, பாறையைக் குடைந்த தானியேலின் அறையையும் பார்க்கலாம். ஓர் ஆள் இருக்கலாம், அரசர் காத்திருக்க இடமில்லை.

மோல்தோவிட்சா மடத்தில் ஓர் அழகான தில்லுமுல்லு. கன்னி மரியாள் கான்ஸ்டாண்டிநோபிளைக் காப்பாற்றியதாகச் சொல்லப்படும் 626ஆம் வருட முற்றுகையை 1537இல் வரைந்திருக்கிறார்கள். அன்று முற்றுகையிட்டவர்கள் பாரசீகரும் அவாரியரும். சுவரிலோ துருக்கியர், அதுவும் பீரங்கிகளோடு! நிஜத்தில் 1453இலேயே அந்த நகரத்தைத் துருக்கியர் பிடித்தாயிற்று.

கடைசியாக சுச்சேவிட்சா மடம். உயரமான மதில், மூலைக்கு மூலை கோபுரம், பார்வைக்குக் கோட்டைதான். வடக்குச் சுவரில் சொர்க்கத்துக்கு ஏறும் ஏணி. ஒரு பக்கம் வரிசை வரிசையாகத் தேவதூதர்கள், மறுபக்கம் கால் தவறியவர்களைப் பிடித்து இழுக்கும் பேய்கள். மேற்குச் சுவர் மட்டும் வெறுமையாக இருக்கிறது. ஓவியர் சாரத்திலிருந்து விழுந்து இறந்ததால் அப்படியே விட்டுவிட்டார்களாம். இன்னொரு கதை, முப்பது வருடம் எருமை வண்டியில் கல் கொண்டுவந்து கொட்டிய ஒரு பெண்ணைப் பற்றியது. அவள் தலை என்று ஒரு கல் முகத்தைக் காட்டுகிறார்கள். இரண்டுக்கும் ஆதாரம் கேட்டால் கிடைக்காது. ஆனால் நான் பார்த்த சுவர்களில் கோயிலைக் கட்டியவர்களாக, அதன் சிறு உருவத்தைக் கையில் ஏந்தி நிற்பவர்களெல்லாம் அரசர்களும் பிரபுக்களும்தான். சாரத்தில் ஏறியவனும் கல் சுமந்தவளும் கதையில்தான் வருகிறார்கள், அதிலும் பெயர் இல்லாமல்.