வாங்குகிற ஆசையும் எழுதுகிற ஆசையும்

வெற்று நோட்டுகளைச் சேர்த்து வைப்பவர்களிடம் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: இத்தனையையும் எப்போது எழுதி முடிக்கப் போகிறீர்கள்? என் அலமாரியைப் பார்ப்பவர்களும் இதையே கேட்கிறார்கள். நோட்டு வாங்குவது ஓர் ஆசை, நோட்டில் எழுதுவது இன்னோர் ஆசை என்பதும், இரண்டும் ஒரே ஆளிடம் குடியிருந்தாலும் ஒன்றையொன்று அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை என்பதும்தான் என் பதில். வாங்குகிற ஆசைக்கு அட்டை போதும். எழுதுகிற ஆசையோ அட்டையைத் திறந்த பிறகுதான் வாயே திறக்கும். அது தையலைப் பார்க்கும், தாளைத் தடவும், கோடுகளின் இடைவெளியை அளக்கும். எழுதி முடித்த நோட்டுகளையும் வருடக்கணக்கில் வெறுமையாகவே கிடப்பவற்றையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது, இரண்டையும் பிரிப்பது அழகோ விலையோ அல்ல, இந்த உள்விவரங்கள்தான் என்பது எனக்குத் தெளிவாகிறது.

முதலில் பைண்டிங். மேசையில் வைத்ததும் தானாக விரிந்து கிடக்கும் நோட்டு எழுதப்படும். ஒரு கையால் அழுத்திப் பிடித்தால்தான் திறந்திருப்பேன் என்று அடம்பிடிக்கும் நோட்டு, தாள் எவ்வளவு நன்றாக இருந்தாலும், சில பக்கங்களுக்கு மேல் நகராது. தாள்களை மடித்துச் சிறு கட்டுகளாக்கி, ஒவ்வொரு கட்டையும் மடிப்பின் வழியே நூலால் தைத்து, கட்டுகளை ஒன்றோடொன்று கோத்துச் சேர்ப்பது தையல் பைண்டிங். தனித்தனித் தாள்களை அடுக்கி, முதுகோரத்தைச் சுரண்டி, பசை பூசி ஒட்டிவிடுவது இன்னொரு வகை. வாங்கும்போதே இரண்டையும் பிரித்தறியலாம். மூடிய நோட்டின் முதுகை மேற்புறத்திலிருந்து பார்த்தால், தைத்த நோட்டில் மடிப்புகள் சின்னச் சின்ன வளைவுகளாக வரிசையாகத் தெரியும். ஒட்டிய நோட்டில் தாள்கள் ஒரே நேராகப் பசைக்குள் புதைந்திருக்கும். மடித்த கட்டுகளையும் வெறும் பசையால் ஒட்டுபவர்கள் உண்டு என்பதால், ஏதாவது ஒரு கட்டின் நடுவைத் திறந்து அங்கே நூல் ஓடுகிறதா என்று பார்த்துவிடுவது நல்லது. ஸ்டேப்ளர் பின் அடித்த மெல்லிய நோட்டுகள் நன்றாகவே விரியும், ஆனால் பக்கங்கள் கூடினால் பின் தாங்காது. ஸ்பைரல் நோட்டைப் பின்னுக்கு மடக்கிக்கொள்ளலாம் என்றாலும், இடப்பக்கத்தில் எழுதும்போது கம்பிச்சுருள் கையில் இடித்துக்கொண்டே இருக்கும். எனக்கு அது ஒத்துவரவில்லை.

அடுத்தது தாள். தாளின் தரத்தை ஜிஎஸ்எம் எண்ணை வைத்து முடிவு செய்கிறவர்கள் ஏராளம். அந்த எண் ஒரு சதுர மீட்டர் தாளின் எடை எத்தனை கிராம் என்பதை மட்டுமே சொல்லும். மையை அந்தத் தாள் எப்படி ஏற்கும் என்பதைச் சொல்லாது. தாள் என்பது அடிப்படையில் செல்லுலோஸ் நார்களின் பின்னல். நார் தண்ணீரை உறிஞ்சும் இயல்புடையது. அந்த உறிஞ்சலைக் கட்டுப்படுத்துவதற்காகத் தாள் தயாரிப்பில் ஸ்டார்ச் போன்ற பொருள்களைச் சேர்க்கிறார்கள், அல்லது மேற்பரப்பில் பூசுகிறார்கள். அந்த வேலை சரியாக நடந்திருந்தால் மெல்லிய தாளும் மையை மேலேயே நிறுத்தி உலரவைக்கும். நடக்கவில்லையென்றால் தடித்த தாளிலும் மை நார் வழியே ஓடிப் பரவும். மைப் பேனாக்காரர்கள் கொண்டாடும் டோமோயே ரிவர் என்ற ஜப்பானியத் தாளின் புகழ்பெற்ற வகை வெறும் 52 ஜிஎஸ்எம்தான். பின்பக்கத்தில் எழுத்தின் நிழல் தெரியும், ஆனால் மை பிசிறாது. அதற்குரிய தண்டனை, மை காயும் வரை பொறுமையாக உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது. அவசரமாகப் பக்கத்தைத் திருப்பினால் எதிர்ப்பக்கமும் எழுதப்பட்டுவிடும்.

புதிய நோட்டு கைக்கு வந்ததும் நான் அதன் கடைசிப் பக்கத்தில் ஒரே ஓர் எழுத்தை எழுதிப் பார்ப்பேன்: ‘ண’. அதன் சுழிகளுக்கு நடுவில் சிறிய வெள்ளை இடங்கள் உண்டு. தாள் மையை நன்றாகத் தாங்கினால் அந்த வெள்ளைகள் பளிச்சென்று நிற்கும். மை பிசிறினால் சுழிகள் அடைபட்டு, எழுத்து ஒரு கருப்புப் பொட்டாகிவிடும். பிறகு பக்கத்தைத் திருப்பிப் பின்னால் ஊறியிருக்கிறதா என்று பார்த்தால் போதும், ஜிஎஸ்எம் எண்ணைக் கேட்கவே தேவையில்லை. பந்துமுனைப் பேனாவில் மட்டும் எழுதுபவர்களுக்கு இந்தக் கவலை எதுவும் கிடையாது. அதன் கெட்டியான எண்ணெய் மை ஏறக்குறைய எந்தத் தாளிலும் நடந்துகொள்ளும் என்பதால், அவர்களைப் பார்த்து நான் சில சமயம் பொறாமைப்படுவதுண்டு.

கோடுகளைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு, ஆனால் தமிழில் எழுதுகிறவருக்கு இது பெரிய விஷயம். நம் எழுத்துகளில் மேலே விசிறி போடுபவையும் உண்டு, கீழே வால் நீட்டுபவையும் உண்டு. முதல் வரியின் ‘ழு’ இறங்கும் இடத்திலேயே இரண்டாம் வரியின் ‘கீ’ ஏறி வரும். 6 மில்லிமீட்டர் இடைவெளிக் கோட்டில் இவை இரண்டும் மோதிக்கொள்கின்றன. 7 மில்லிமீட்டரில் சமாளிக்கலாம். 8 மில்லிமீட்டரில் என் கை நிம்மதியாக ஓடுகிறது. இப்போது எல்லோரும் விரும்பும் புள்ளி நோட்டுகளில் பெரும்பாலும் புள்ளிக்குப் புள்ளி 5 மில்லிமீட்டர். ஒரு புள்ளிக்கு ஒரு வரி என்றால் நெருக்கம், இரண்டு புள்ளிக்கு ஒரு வரி என்றால் பக்கம் காலியாகத் தெரியும். படம் வரையவும் அட்டவணை போடவும் அவை அருமையானவை, தொடர்ச்சியாகத் தமிழ் எழுத அல்ல என்பது என் தீர்ப்பு. கோடு போடாத நோட்டு எந்தத் தகராறும் செய்யாது. வரி சற்று மலையேறினாலும் கேட்பார் இல்லை. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு பொன்மொழி அச்சிட்ட நோட்டுகளைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை: நான் என்ன எழுதினாலும் அடியில் இன்னொருவர் அறிவுரை சொல்லிக்கொண்டிருப்பதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

அளவைப் பொறுத்தவரை ஏ5 என்ற 148 × 210 மில்லிமீட்டருக்கே என் ஓட்டு, ஏனென்றால் ஏ4 தாளை ஒருமுறை மடித்தால் சரியாக அந்த அளவுதான் வரும், அச்செடுத்த காகிதங்களை உள்ளே வைத்துக்கொள்ளலாம். பி5 நோட்டுக்குத் தனியாக மேலுறை வாங்குபவர்கள் மட்டும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: சர்வதேச அளவில் பி5 என்பது 176 × 250, ஜப்பானிய அளவிலோ 182 × 257. பெயர் ஒன்றாக இருந்தாலும் ஜப்பானிய நோட்டு மற்ற உறைக்குள் நுழையாது.

எழுதாமல் வைத்திருந்தால் நோட்டு புதிதாகவே இருக்கும் என்ற நம்பிக்கைதான் சேர்ப்பவர்களிடம் நான் காணும் பெரிய மயக்கம். மரக்கூழிலுள்ள லிக்னின் முழுதும் நீக்கப்படாத தாள் வெளிச்சத்திலும் காற்றிலும் மஞ்சளாகிக்கொண்டே இருக்கும். அமிலம் கலந்த தாள் எழுதினாலும் எழுதாவிட்டாலும் காலப்போக்கில் நொறுங்கும்; கால்சியம் கார்பனேட் சேர்த்த அமிலமற்ற தாள் நீடித்து நிற்கும். தாளையும் முந்திக்கொண்டு போவது அட்டை. தோல் போலவே தோற்றமளிக்கும் பாலியூரித்தேன் உறை காற்றின் ஈரத்தோடு வினைபுரிந்து சில ஆண்டுகளில் பிசுபிசுத்துச் செதில் செதிலாக உதிரத் தொடங்குகிறது. மூடிவைக்கும் எலாஸ்டிக் பட்டை தளர்ந்து தொங்குகிறது. ‘பத்திரமாக’ வைத்திருக்கும் நோட்டு இப்படி ஒரு வரிகூட எழுதப்படாமலே கிழமாகிறது. ஆகவே நல்ல நோட்டுகளைத்தான் முதலில் எடுத்து எழுத வேண்டும் என்பது என் கட்சி.

அப்படி எடுக்கும்போது முதல் பக்கத்துக்குத் தயங்க வேண்டியதில்லை, அதை அட்டவணைக்கு விட்டுவிடலாம். நோட்டுகள் பெருகப் பெருக, எழுதியதைத் தேடி எடுப்பதுதான் உண்மையான சிக்கல். சார்லஸ் டார்வின் 1837 முதல் வைத்திருந்த குறிப்பேடுகளுக்கு ஏ, பி, சி என்று எழுத்துகளையே பெயராக வைத்தார். அவற்றில் ஏ நிலவியலுக்கு, பி தொடங்கிச் சில நோட்டுகள் உயிரினங்கள் மாறும் விதத்துக்கு. உயிரினங்கள் ஒரே மூலத்திலிருந்து கிளைத்து வருவதைக் காட்டும் உயிர்மரத்தை அவர் முதன்முதலாகக் கிறுக்கிய பக்கம் அந்த ‘பி’ நோட்டில்தான் இருக்கிறது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்திலிருந்து அதுவும் ‘சி’ நோட்டும் காணாமற்போய், திருட்டு என்று 2020இல் அறிவிக்கப்பட்டு, 2022 மார்ச்சில் ஓர் இளஞ்சிவப்புப் பரிசுப் பைக்குள் நூலகத்துக்கே திரும்பி வந்து சேர்ந்தன. நோட்டுக்கு ஓர் எழுத்தும் பக்கத்துக்கு ஓர் எண்ணும் இருந்துவிட்டால், ‘பி 36’ என்று எங்கிருந்தும் சுட்ட முடியும். நானும் இதையே பின்பற்றுகிறேன்.

அட்டவணைக்கு ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் ஜான் லாக்கின் முறை எனக்குப் பிடிக்கும். 1686இல் பிரெஞ்சில் வெளியான அந்த முறையில், தலைப்புச் சொல்லின் முதலெழுத்தையும் அதில் வரும் முதல் உயிரெழுத்தையும் சேர்த்து ஒரு கட்டம் ஒதுக்கி, அந்தக் கட்டத்தில் பக்க எண்களைக் குறித்துக்கொண்டே போக வேண்டும். தமிழில் இது இன்னும் எளிது, ஏனென்றால் நம் உயிர்மெய்யில் இரண்டும் ஏற்கெனவே ஒரே எழுத்தில் இருக்கின்றன. ‘கணக்கு’ தானாகவே ‘க’ கட்டத்துக்கும், ‘கூட்டம்’ ‘கூ’ கட்டத்துக்கும் போய்விடும். தமிழில் மொழிக்கு முதலில் வரும் எழுத்துகளும் அளவானவையே. எதிரெதிரான இரண்டு பக்கங்களில் எல்லாம் அடங்கிவிடும். ‘ட’, ‘ர’, ‘ல’ என்று தொடங்கும் பிறமொழிச் சொற்களுக்கு ஓரமாகக் கொஞ்சம் இடம் விட்டால் போதும்.

நல்ல நோட்டில் நல்லதை மட்டுமே எழுத வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு நான் ராமானுஜனைத்தான் காட்டுவேன். தாள் வாங்கக் கட்டுப்படியாகாததால் அவர் பலகையில் கணக்குப் போட்டு, முழங்கையால் அழித்து, முடிவுகளை மட்டும் நோட்டில் ஏற்றினார். அந்த முடிவுகளுக்கான வழியைக் கண்டு நிறுவி அமெரிக்கக் கணித அறிஞர் புரூஸ் பெர்ன்ட் வெளியிட்ட ஐந்து தொகுதிகள் வந்து முடிய 1985 முதல் 1998 வரை ஆயிற்று. ராமானுஜனுக்கு வேறு வழி இல்லை, நமக்கு இருக்கிறது. அடித்தல் திருத்தலோடு, பாதியில் நின்ற யோசனையோடு, வழியையும் சேர்த்து எழுதிவைக்க நம்மிடம் தாள் இருக்கிறது. அதனால் நான் ரஃப் நோட்டு, ஃபேர் நோட்டு என்ற பள்ளிக்கூடப் பிரிவினையைக் கைவிட்டுவிட்டேன். தைத்த, ‘ண’ சோதனையில் தேறிய நோட்டில்தான் இப்போது கணக்கும் கடிதத்தின் முதல் வரைவும் ஞாபகக் குறிப்பும் கலந்து கிடக்கின்றன.

இத்தனைக்குப் பிறகும் சில நோட்டுகளில் நான் எழுதப் போவதில்லை. கையால் செய்த தாளில் கட்டிய ஒன்று இருக்கிறது. நார் அப்படியே மேலே துருத்திக்கொண்டிருப்பதால் பேனாவின் முள்ளில் சிக்கி மையை இழுத்துவிடும். எழுதுகிற ஆசைக்கு அது எந்த விதத்திலும் உதவாது. பென்சிலில் வரைபவர் யாராவது கேட்டால் கொடுத்துவிடுவேன். கேட்காதவரை அது வாங்குகிற ஆசையின் பங்கு.