‘ஆல்தோ’ வந்த இடத்தில் ‘பட்’ எதற்கு? ரைட்டிங்கில் 6 வாங்கிய பிறகு கற்றுக்கொண்டது

ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வை முதல் தடவை எழுதியபோது லிசனிங், ரீடிங், ஸ்பீக்கிங் மூன்றிலும் 7 வந்துவிட்டது. ரைட்டிங்கில் மட்டும் 6. பிரிட்டனில் நர்ஸாகப் பதிவு செய்ய ரைட்டிங்கில் 6.5 வேண்டும். திருத்திய தாளை நமக்குத் தரமாட்டார்கள், எண் மட்டும்தான் வரும். எங்கே தப்பு விட்டேன் என்று தெரியாமல் பத்து நாள் மண்டையைக் குடைந்துகொண்டிருந்தேன்.

பயிற்சி மையத்தில் ‘லிங்கர்ஸ்’, அதாவது வாக்கியங்களை இணைக்கும் சொற்கள், என்று ஒரு தாள் கொடுத்திருந்தார்கள். ஹவெவர், நெவர்தலெஸ், ஆல்தோ, டிஸ்பைட், யெட், ஸ்டில் என்று வரிசையாக இருக்கும். எல்லாவற்றுக்கும் எதிரே ‘ஆனால்’ அல்லது ‘இருந்தாலும்’ என்று எழுதியிருக்கும். பத்திக்கு நாலு போட்டால் மார்க் ஏறும் என்றார்கள். நானும் நம்பிப் போட்டேன்.

எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் ஒரு டீச்சர் இருக்கிறார். பாளையங்கோட்டையில் பல வருஷம் ஆங்கிலம் எடுத்து ஓய்வு பெற்றவர். என் பயிற்சி நோட்டை எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன். முதல் கட்டுரையின் முதல் வாக்கியத்திலேயே பென்சிலால் ஒரு சொல்லைச் சுழித்தார். வாக்கியம் இதுதான்: ‘ஆல்தோ நர்சஸ் ஒர்க் ஹார்ட், பட் தே ஆர் நாட் பெய்ட் வெல்.’ சுழித்த சொல் ‘பட்’.

“ஏம்மா, இதைத் தமிழ்ல சொல்லு.”

“நர்ஸுங்க கஷ்டப்பட்டு உழைச்சாலும் அவங்களுக்கு நல்ல சம்பளம் இல்ல டீச்சர்.”

“இதுல ‘ஆனால்’ எங்க இருக்கு?”

இல்லை. தமிழில் நான் போடாத ஒன்றை ஆங்கிலத்தில் போட்டிருக்கிறேன். அப்படியென்றால் அந்த ‘பட்’ எங்கிருந்து வந்தது? வீட்டுக்கு வந்தும் இதே யோசனைதான். தமிழில் முரணைக் காட்டும் உருபு முதல் பகுதியின் கடைசியில் ஒட்டிக்கொள்கிறது. ‘உழைச்சாலும்’ என்பதில் இருக்கும் ‘ஆலும்’ சரியாக வாக்கியத்தின் நடுவில், இரண்டு பகுதியும் சேரும் இடத்தில் நிற்கிறது. ஆங்கிலத்தில் ‘ஆல்தோ’ முன்னாடியே போய் உட்கார்ந்துவிடுகிறது. நடுவில் வெறும் காற்புள்ளிதான். அந்த இடத்தில் ஏதோ விட்டுப்போனது போலத் தமிழ்க் காதுக்குப் படுகிறது, உடனே கை ‘பட்’ என்று எழுதிவிடுகிறது. இது புரிந்த பிறகு அந்தத் தப்பு எனக்குக் கிட்டத்தட்ட நின்றேபோனது. ‘இரண்டு இணைப்புச்சொல் கூடாது’ என்ற விதியைப் பள்ளியிலேயே கேட்டிருக்கிறேன். விதியை மட்டும் வைத்துக்கொண்டு என்னால் நிறுத்த முடிந்ததில்லை.

ஆனால் ‘பட் ஸ்டில்’ என்று எத்தனையோ இடத்தில் பார்த்திருக்கிறோமே, அது மட்டும் எப்படிச் சரி? டீச்சரிடம் கேட்டேன். அவர் ஒரு சோதனை சொல்லிக்கொடுத்தார். சொல்லை எடுத்து வாக்கியத்துக்குள் வேறு இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். நகர்ந்தால் அது வினையடை, நகராவிட்டால் இணைப்புச்சொல். ‘ஹவெவர், தே லெஃப்ட்’, ‘தே, ஹவெவர், லெஃப்ட்’, ‘தே லெஃப்ட், ஹவெவர்’ மூன்றும் நிற்கும். ‘தே பட் லெஃப்ட்’ என்று எழுதிப் பாருங்கள், அந்தப் பொருளில் நிற்காது. ஆக, ஹவெவர், நெவர்தலெஸ், ஸ்டில் எல்லாம் வினையடைகள். இரண்டு வாக்கியத்தைக் கட்டிப்போடுகிற வேலை அவற்றுக்குத் தெரியாது. கட்டுகிற வேலையை ‘பட்’ செய்யும்போது ‘ஸ்டில்’ பக்கத்தில் நின்று அழுத்தம் கொடுக்கலாம். ‘ஆல்தோ’ கட்டினாலும் அடுத்த பகுதிக்குள் ‘ஸ்டில்’ வரலாம்: ‘ஆல்தோ ஷி வாஸ் டயர்ட், ஷி ஸ்டில் கேம் டு ஒர்க்.’ ‘பட் ஹவெவர்’ மட்டும் வேண்டாம் என்றார். இரண்டும் ஒரே சேதியைத்தான் சொல்கின்றன.

என் நோட்டில் அதிகமாக இருந்த தப்பும் இங்கேதான் மாட்டியது. ஒரு வாக்கியம், காற்புள்ளி, ஹவெவர், அடுத்த வாக்கியம். இப்படி எல்லாப் பக்கத்திலும் எழுதியிருந்தேன். ‘ஹவெவர்’ கட்டாது என்பதால் அதற்கு முன்னால் முற்றுப்புள்ளியோ அரைப்புள்ளியோ வேண்டும். முற்றுப்புள்ளியே போடு, பதற்றத்தில் தப்பாது என்றார் டீச்சர்.

‘ஸ்டில்’, ‘யெட்’ இரண்டும் எனக்கு வேறு வழியில் பிடிபட்டன. நான் ஐசியூவில் இருக்கிறேன். ஷிஃப்ட் மாறும்போது ஹேண்ட்ஓவர் நோட்டில் தினமும் எழுதுகிறேன்: ‘பாராசிட்டமால் கிவன், பட் ஸ்டில் ஃபெப்ரைல்’, ‘கத்தீட்டர் ரிமூவ்ட், நாட் யெட் வாய்டட்’. முன்பே இருந்த காய்ச்சல் விடவில்லை, அதற்கு ஸ்டில். வர வேண்டிய சிறுநீர் வரவில்லை, அதற்கு யெட். இரண்டையும் தமிழில் ‘இன்னும்’ என்றுதான் சொல்வோம். இதை நான் வருஷக்கணக்காகச் சரியாக எழுதிக்கொண்டிருக்கிறேன், கட்டுரை என்று உட்கார்ந்ததும் மனப்பாடத் தாள்தான் முன்னால் வந்து நின்றிருக்கிறது. அன்றைக்கு ஷிஃப்ட் முடிந்து பஸ்ஸில் வரும்போது எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அந்தத் தெம்பில் நானே ஒன்று கண்டுபிடித்தேன். ‘ஈவன் தோ’வும் ‘ஈவன் இஃப்’பும் எனக்கு எப்போதும் குழம்பும். இரண்டுக்கும் தமிழில் ‘ஆலும்’தானே. டிஸ்சார்ஜ் ஆகிற நோயாளியிடம் “காய்ச்சல் குறைஞ்சாலும் மாத்திரையை நிறுத்தாதீங்க” என்போம். இன்னொரு நர்ஸிடம் “மருந்து கொடுத்தாலும் காய்ச்சல் குறையல” என்போம். இரண்டாவதை “மருந்து கொடுத்தும் குறையல” என்று மாற்றலாம். முதலாவதை “குறைஞ்சும் நிறுத்தாதீங்க” என்று மாற்ற முடியாது. ‘கொடுத்தும்’ என்றால் நடந்து முடிந்துவிட்டது. ‘குறைஞ்சாலும்’ என்பது இனிமேல் நடந்தால் என்பதையும் சேர்த்துக்கொள்கிறது. ஆகவே ‘கொடுத்தும்’ மாதிரி மாற்றிப் பார்த்து நின்றால் ஈவன் தோ அல்லது ஆல்தோ, நிற்காவிட்டால் பெரும்பாலும் ஈவன் இஃப். டீச்சரிடம் சொன்னதும் பென்சிலைக் கீழே வைத்துவிட்டார். “இத்தனை வருஷம் பாடம் எடுத்தேன், இது எனக்குத் தோணலையேம்மா” என்றார்.

‘டிஸ்பைட்’ பற்றி அதிகம் இல்லை. பின்னால் ‘ஆஃப்’ வராது, முழு வாக்கியமும் வராது. ‘டிஸ்பைட் த ரெயின்’, ‘டிஸ்பைட் ஒர்க்கிங் நைட்ஸ்’ போதும்.

மதிப்பீட்டு அட்டவணை பொதுவில் கிடைக்கிறது, தேர்வு எழுதுகிறவர்கள் அவசியம் படித்துவிடுங்கள். நாலு அளவுகோல், ஒவ்வொன்றுக்கும் 25 சதவீதம். அதில் கோர்வைக்கான பகுதியில் 6-ஆம் பேண்டுக்கு (6 மதிப்பெண்ணுக்கு) எழுதியிருப்பது, இணைப்புகள் தவறாகவோ இயந்திரத்தனமாகவோ இருக்கலாம் என்று. பத்திக்கு நாலு லிங்கர் போட்ட என் கட்டுரையைத்தான் அது சொல்கிறது என்று எனக்கு உறுதியாகப் பட்டது.

இரண்டாம் தடவை டாஸ்க் 2 என்கிற கட்டுரைக்கு இருக்கும் 40 நிமிஷத்தில் கடைசி ஐந்தை ஒதுக்கிவைத்தேன். ஆல்தோ இருக்கும் வாக்கியத்தில் பட் இருக்கிறதா, ஹவெவருக்கு முன்னால் முற்றுப்புள்ளி இருக்கிறதா, இந்த இரண்டை மட்டும் தேடினேன். ஒரு ‘பட்’ மாட்டியது. அழித்தேன்.

ரைட்டிங்கில் 7. அன்று சாயங்காலமே டீச்சர் வீட்டுக்கு ஓடினேன். மார்க்கைப் பார்த்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். பிறகு, “என்ன எழுதின? ஞாபகம் இருக்கிற வரைக்கும் வரிவரியா சொல்லு” என்றார். காப்பி ஆறிப்போகிற வரை சொல்லிக்கொண்டிருந்தேன்.