பொலிஸ் கிளியரன்ஸும் நான் எழுதாமல் விட்ட எட்டு மாதமும்

இந்தப் பதிவை எழுதச் சொன்னது என் மச்சாள். கனடாவில் இருக்கும் கணவர் அவளை அங்கே கூப்பிடும் ஸ்பொன்சர் வேலை இப்போதுதான் தொடங்கியிருக்கிறது. ஒவ்வொரு இரவும் போன் எடுத்து, "அடியே, பொலிஸ் ரிப்போட்டுக்கு எந்த விலாசத்தப் போடுற?" என்று ஒரே கேள்வியைக் கேட்கிறாள். அவளுக்குச் சொன்னதையே இங்கேயும் எழுதி வைக்கிறேன். எங்கள் பக்கத்தில் இந்த வேலையில் நிற்கும் பிள்ளைகள் நிறையப் பேர், ஆளுக்கு ஒரு கதையைக் கேட்டுவிட்டுக் குழம்பிப் போய் இருக்கிறார்கள்.

நான் மட்டக்களப்புக் கல்லடி. இவர், என் கணவர், கனடாவில் ஸ்காபரோவில் இருக்கிறார். கலியாணம் முடிந்து நான்கு மாதத்தில் படிவம் நிரப்பத் தொடங்கினோம். கலியாணப் பதிவு, படங்கள், போனில் பேசிய கணக்குகள் எல்லாம் சேர்த்துவிட்டோம், அதில் பெரிய சிக்கல் இல்லை. பொலிஸ் கிளியரன்ஸ், அதாவது என் பேரில் குற்றப் பதிவு இல்லை என்று காட்டும் பொலிஸ் சான்றிதழ்தான் மிகச் சுலபம் என்று நினைத்திருந்தேன். ஒரு வழக்கும் இல்லை, ஒரு முறைப்பாடும் இல்லை, கேட்டால் தந்துவிடுவார்கள்தானே என்று.

கனடா பொதுவாகக் கேட்பது இதுதான். 18 வயதுக்குப் பிறகு, கடந்த 10 வருடத்துக்குள், எந்த நாட்டில் தொடர்ந்து 6 மாதமோ அதற்கு மேலோ இருந்தீர்களோ அந்த ஒவ்வொரு நாட்டின் பொலிஸ் சான்றிதழும் வேண்டும். இப்போது இருக்கும் நாட்டுச் சான்றிதழ் என்றால், விண்ணப்பம் அனுப்பும் நாளில் அது 6 மாதத்துக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது. இதைத் தெரியாமல் கலியாணம் எழுதிய கையோடு ஓடிப்போய் எடுத்து வைத்துவிட்டு, பிறகு மற்றப் பேப்பர்கள் இழுபட, எடுத்தது காலாவதியாகி நின்றவர்களை எனக்குத் தெரியும். மற்ற எல்லாம் பாதிக்கு மேல் சேர்ந்த பிறகு எடுங்கள்.

கட்டார், சவுதி, டுபாய் என்று வேலை செய்தவர்கள் கொஞ்சம் கவனமாக வாசியுங்கள். அங்கே இருக்கும்போதே எடுத்துக்கொண்டு வருவது ஒரு வேலை, ஊருக்கு வந்த பிறகு எடுப்பது பத்து வேலை. என் பெரியம்மாவின் மகன் கட்டாரில் மூன்று வருடம் நின்றவர். திரும்பி வந்து இரண்டு வருடத்துக்குப் பிறகு அந்தச் சான்றிதழ் தேவைப்பட்டபோது, கைரேகை எடுக்க, அதை உறுதிப்படுத்த, தூதரகத்துக்குக் கொடுக்க என்று கொழும்புக்கு அலைந்தார். கடைசியில் டோஹாவில் பழைய ரூம்மேட் ஒருவரைப் பிடித்து, அவர் பெயரில் அதிகாரக் கடிதம் எழுதி அனுப்பித்தான் முடிந்தது. அந்த ரூம்மேட் நல்ல மனிதராக இருந்தது அவருடைய அதிர்ஷ்டம். விசா முடிந்து வரப்போகிறவர்கள் யாராவது இதை வாசித்தால், வரும் முன் அங்கேயே இதை எப்படி எடுப்பது என்று விசாரித்து வையுங்கள்.

சரி, இலங்கைச் சான்றிதழுக்கு வருவோம். கொழும்பில் உள்ள பொலிஸ் தலைமையகம்தான் கொடுக்கிறது. ஒன்லைனில் விண்ணப்பிக்கலாம், அதற்காக இரவு ரயில் ஏறத் தேவையில்லை. ஐ.சி.யின் (அடையாள அட்டையின்) இரண்டு பக்கமும், பாஸ்போட்டின் படமுள்ள பக்கமும் ஸ்கான் செய்து போட வேண்டும், காசு கார்ட்டில் கட்டலாம். போனில் எடுத்த படம் மங்கலாக இருந்ததால் நான் மார்க்கட் பக்கத்து கொம்யூனிகேஷன் கடையில் ஸ்கான் செய்தேன். இவ்வளவும் அரை மணித்தியாலம்.

அப்புறம் வருகிறது விலாசப் பகுதி. எங்கெங்கே இருந்தீர்கள், எந்தத் திகதியிலிருந்து எந்தத் திகதி வரை. நீங்கள் எழுதும் இடங்களின் பொலிஸ் நிலையங்களுக்குத்தான் விசாரணை போகும்.

இதில்தான் நான் பிழை விட்டேன். எங்கள் வாழ்க்கையில் விலாசம் என்றால் வாக்காளர் இடாப்பில் பெயர் இருக்கும் வீடு. ஜி.எஸ்.ஸிடம் (கிராம சேவகரிடம்) கடிதம் எடுப்பதும் அந்த விலாசத்துக்குத்தான். வந்தாறுமூலையில் கம்பஸ் (கிழக்குப் பல்கலைக்கழக) விடுதியில் நான்கு வருடம் படுத்து எழும்பினாலும், கேட்டால் கல்லடி என்றுதான் சொல்வோம். கொழும்பில் வேலை பழக எட்டு மாதம் போர்டிங்கில் இருந்தேன், அதையும் நான் "இருந்த இடம்" என்று நினைக்கவே இல்லை. இரண்டு கிழமைக்கு ஒருமுறை வீட்டுக்கு வந்துவிடுவேன், உடுப்புகூட முக்கால்வாசி கல்லடி அலுமாரியில்தான். அதனால் ஒரே விலாசத்தைப் போட்டு, பிறந்ததிலிருந்து இன்றுவரை என்று எழுதி அனுப்பிவிட்டேன்.

மூன்றாம் நாள் இவர் அங்கே கனடாப் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தார். அதில் கடந்த 10 வருடத்தையும் ஒரு மாத இடைவெளிகூட இல்லாமல், என்ன செய்தீர்கள், எங்கே இருந்தீர்கள் என்று எழுத வேண்டும். வேலை அனுபவத்தில் கொழும்புக் கம்பனியின் பெயர் இருக்கிறது. "நீ கொழும்புல நிண்ட காலம் பொலிஸ் போர்ம்ல எங்க?" என்று கேட்டார். எனக்குப் பதில் இல்லை. பொய் எழுத வேண்டும் என்று நான் நினைக்கவே இல்லை, ஆனால் இரண்டு பேப்பரையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் ஓர் அதிகாரிக்கு அது எப்படித் தெரியும்? அந்த இரவு எனக்கு நித்திரை இல்லை. விடிய எழும்பி, திரும்பவும் காசு கட்டிப் புதிதாக விண்ணப்பிப்பது என்று முடிவெடுத்தேன்.

ஆனால் திகதிகள்? போர்டிங் அன்ரி ரசீது ஒன்றும் தந்ததில்லை. பேஸ்புக்கில் தேடினால் காலிமுகத்திடல் படம் ஒன்று, வேறு எதுவும் இல்லை. கடைசியில் அம்மாவின் சீட்டுக் கொப்பிதான் காப்பாற்றியது. நாற்பது பக்க மொனிட்டர் கொப்பி, மட்டை கிழிந்து, மாவுக் கை பட்ட அடையாளத்தோடு இருக்கும். அதில் யார் எத்தனையாம் சீட்டு எடுத்தது என்ற கணக்குக்கு நடுவில், "பங்குனி 4, மகளுக்கு போடிங் அட்வான்ஸ் 15,000" என்று அம்மா எழுதியிருந்தார். இன்னும் ஏழெட்டுப் பக்கம் தள்ளி, "ஐப்பசி 30, மகள் சாமானோட வந்தாச்சு." அவ்வளவுதான். என் எட்டு மாதமும் அந்த இரண்டு வரியில் இருந்தது.

எல்லாரும் இதைத்தான் முதலில் செய்ய வேண்டும் என்று நான் சொல்வேன். எந்த வெப்சைட்டையும் திறக்க முன், வீட்டில் அம்மா அப்பாவை இருத்தி வைத்து, 18 வயதிலிருந்து எங்கெங்கே இருந்தோம் என்று ஒரு தாளில் எழுதுங்கள். விடுதி, போர்டிங், மாமா வீட்டில் நின்று ரியூசன் போன காலம், எல்லாம். அந்த ஒரு தாளைப் பார்த்துத்தான் பொலிஸ் படிவமும் நிரப்ப வேண்டும், கனடாப் படிவமும் நிரப்ப வேண்டும்.

இனி, பொலிஸ் வீட்டுக்கு வருவது. இதை ஒருவரும் எனக்கு முதலே சொல்லவில்லை. முதல் விண்ணப்பத்துக்கு ஒரு நாள் பின்னேரம் மோட்டார் சைக்கிளில் ஓர் அதிகாரி வந்து கேற்றில் நின்று என் பெயரைச் சொன்னார். அம்மா முற்றத்தில் மிளகாய் காய வைத்துக்கொண்டிருந்தவர், அப்படியே எழும்பி உள்ளே போய்விட்டார். நான் ஐ.சி.யைக் காட்டி, அவர் கேட்டதற்குப் பதில் சொல்லி, பக்கத்து வீட்டு அங்கிளும் வந்து "இந்தப் பிள்ளய சின்னனில இருந்தே தெரியும்" என்று சொல்லி, எல்லாம் பத்து நிமிடத்தில் முடிந்தது. உள்ளே போய்ப் பார்த்தால் அம்மா சாமியறையில் இருக்கிறார். "போயிட்டாங்களா?" என்று மட்டும் கேட்டார்.

1990இல் அம்மாவுக்கு 16 வயது. வந்தாறுமூலைக் கம்பஸில் தஞ்சமடைந்திருந்த சனத்துக்குள் இருந்து செப்டம்பர் 5ஆம் திகதி இராணுவம் கூட்டிக்கொண்டு போன 158 பேரும் திரும்பி வரவே இல்லை. அந்தக் காலத்தைக் கண்டவர்களுக்கு, சீருடை போட்ட ஒருவர் கேற்றில் நின்று பிள்ளையின் பெயரைச் சொல்வது என்றால் என்ன என்று நான் யோசித்திருக்க வேண்டும். ஒரு விளக்கமும் சொல்லாமல் அம்மாவை அந்த இடத்தில் விட்டுவிட்டேன், அது எனக்கு இன்றைக்கும் மனவருத்தம். தயவுசெய்து நீங்கள் வீட்டில் முதலே சொல்லி வையுங்கள். இன்ன காரணத்துக்காக விசாரிக்க வருவார்கள், ஐ.சி. பார்ப்பார்கள், போய்விடுவார்கள் என்று, முக்கியமாக வயதானவர்களுக்கு.

இரண்டாவது விண்ணப்பத்துக்கும் அதே அதிகாரிதான் வந்தார். இந்த முறை அம்மாவிடம் நான் இரண்டு நாள் முதலே சொல்லியிருந்தேன். அந்த அதிகாரி அரைகுறைத் தமிழில், "நங்கி (தங்கச்சி), திரும்ப ஏன் போட்டது?" என்று கேட்டார், நான் கொழும்பு விலாசத்தைப் பற்றிச் சொன்னேன். அம்மா உள்ளே போகவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்று, அவர் எந்த ஊர் என்று என்னைக் கேட்கச் சொன்னார். மொனராகலை. "அங்க அம்மா இருக்காவா எண்டு கேளு." இருக்கிறாராம்.

கொழும்புப் பக்கம் அவ்வளவு இலகுவாகப் போகவில்லை. அங்கத்தைய பொலிஸிலிருந்து போர்டிங் அன்ரிக்குக் கோல் போயிருக்கிறது, அப்படி ஒரு பிள்ளை இங்கே இருக்கவில்லை என்று சொல்லிவிட்டார். பிள்ளைகளை வைத்து வாடகை எடுப்பது தெரிந்தால் வில்லங்கம் வரும் என்று பயந்திருக்கிறார், பாவம். நான் போன் எடுத்து அழாக்குறையாக விளங்கப்படுத்திய பிறகு, அடுத்த கோலில் உண்மையைச் சொன்னார். போர்டிங்கில் இருந்தவர்கள் விண்ணப்பம் போட முன்பே அந்த வீட்டுக்காரருக்கு ஒரு கோல் எடுத்துவிடுங்கள்.

பெயர் விசயமும் ஒன்று. என் ஐ.சி.யில் முதலெழுத்து, பாஸ்போட்டில் அப்பாவின் முழுப் பெயர், பிறப்புச் சான்றிதழ் தமிழில். ஆங்கிலத்தில் "த"வுக்கு ஒருவர் டி மட்டும் போடுவார், இன்னொருவர் டி எச் போடுவார். எல்லா இடத்திலும் பாஸ்போட்டில் இருக்கிறபடியே எழுத்துக்கு எழுத்து போடுங்கள். ஐ.சி.யில் வேறுமாதிரி இருந்தால் அதையும் விண்ணப்பத்தில் காட்டிவிடுங்கள்.

எனக்கு இரண்டாவது விண்ணப்பம் போட்டதிலிருந்து ஐந்து கிழமையில் தபாலில் வந்தது. தபால்காரர் மணியடித்தபோது நான் குளித்துக்கொண்டிருந்தேன், அம்மாதான் கையெழுத்து வைத்து வாங்கியிருக்கிறார். நான் வரும்வரை உடைக்கவில்லை. ஈரத் தலையோடு நின்று பெயர், பாஸ்போட் இலக்கம், பிறந்த திகதி மூன்றையும் பாஸ்போட்டைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தேன், சரியாக இருந்தது. அன்றைக்கே கலரில் ஸ்கான் செய்து இவருக்கு அனுப்பிவிட்டேன். அசல், அம்மாவின் சீட்டுக் கொப்பிக்குள் இருக்கிறது.