ஐம்பதுக்கு மேலா, கீழா?

ஒரு நோயாளியின் இதய எம்.ஆர்.ஐ. படங்களைப் பார்த்து, இதயச் சுவரின் தடிமனில் எத்தனை சதவீதம் தழும்பாகிவிட்டது என்று நான் சொல்ல வேண்டியிருந்தது. "பாதி அளவு" என்றுதான் முதலில் சொன்னேன். தொலைபேசியில் இதய மருத்துவர் விடவில்லை. "ஐம்பதுக்கு மேலா, கீழா? ஒன்று சொல்லுங்கள். பைபாஸ் செய்வதா என்று இன்றைக்கே முடிவெடுக்க வேண்டும்." "மேல்" என்றேன்.

அந்தப் படங்களைப் பிறகு எத்தனையோ முறை திறந்து பார்த்துவிட்டேன். தழும்பைப் படத்தில் பிரித்துக் காட்டும் காடோலினியம் என்ற மருந்தைச் செலுத்திப் பத்து நிமிடம் கழித்து எடுத்தவை. உயிருள்ள தசை கறுப்பாகவும் தழும்பு வெள்ளையாகவும் தெரியும். முன்சுவரின் உள்விளிம்பில் தொடங்கும் வெள்ளை சில படங்களில் பாதியைத் தாண்டுகிறது, சிலவற்றில் தாண்டவில்லை. அந்த நோயாளி ஏற்காட்டில் காபித் தோட்ட வேலை பார்த்தவர். மல்லாந்து படுத்தாலே மூச்சு இரைத்தது. "மூச்சை அடக்குங்கள்" என்ற குரல் வரும்போதெல்லாம் மனிதர் உண்மையாகவே முயன்றார்; சில விநாடிகளுக்கு மேல் முடியவில்லை. விளிம்பு கலங்கிவிட்டது. கலங்கிய விளிம்பில் வெள்ளை அகலமாகத் தெரியலாம். அது எனக்கு அப்போதே தெரியும்.

ஐம்பது என்ற கோட்டை நான் போடவில்லை. 2000-இல் வந்த ஓர் ஆய்வில், தழும்பு 26 முதல் 50 சதவீதம் வரை இருந்த பகுதிகளில், ரத்த ஓட்டத்தைச் சீராக்கிய பின் 42 சதவீதம் தேறின. 51 முதல் 75 வரை இருந்தவற்றில் 10 சதவீதம்தான். அந்த ஒரு சொல்லால் அவரை 42-இலிருந்து 10-க்குத் தள்ளிவிட்டேனோ?

2022-இல் 700 பேரை வைத்து நடந்த ஆய்வின் முடிவு வந்தது. உயிருள்ள தசை இருப்பவர்களுக்கு ஸ்டென்ட் வைத்தும், மருந்து மட்டும் பெற்றவர்களைவிட மரணமோ இதயச் செயலிழப்பால் மருத்துவமனையில் சேர்வதோ குறையவில்லை. படித்தபோது மனம் லேசானது. ஆனால் அது ஸ்டென்ட் பற்றியது. இவருக்குப் பேசப்பட்டது பைபாஸ். எனக்குச் சாதகமானதை மட்டும் தேடிப் படிக்கிறேன் என்று அன்றிரவே தோன்றியது. இருந்தாலும், அவ்வளவு பலவீனமான இதயம் அறுவையைத் தாங்கியிருக்குமா? தாங்கியிருக்காது என்றே இன்றும் நினைக்கிறேன். நினைக்க விரும்புகிறேன் என்பதும் உண்மை.

மாத்திரைப் பையோடு மலையேறும் முன் அவருடைய மனைவி என்னிடம் வந்தார். "கத்தி வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள் ஐயா, உங்கள் புண்ணியம்" என்று கைகூப்பினார். நானும் கைகூப்பினேன். வேறு என்ன செய்திருக்க முடியும்?

அறிக்கையில் "சுமார் 50 சதவீதம்" என்றுதான் இருக்கிறது. தொலைபேசியில் நான் சொன்னது எங்கும் பதிவாகவில்லை.