நாலு வருஷம் எட்டு மாதம்

17 நவம்பர் 2024, ஞாயிறு
தம்பியை பட்டர்வொர்த்தில் பஸ் ஏற்றிவிட்டு ஃபெரியில் பினாங்குக்குத் திரும்பினேன். செவ்வாய் காலை 10 மணிக்கு கேஎல் (கோலாலம்பூர்) போலீஸ் ஸ்டேஷனில் அவன் வாக்குமூலம் தர வேண்டும். அம்மாவிடம் "டெஸ்ட் இருக்கு" என்று சொல்லியிருக்கிறான். நானும் ஆமாம் போட்டேன்.

18 நவம்பர்
மழை. அவன் விட்டுவிட்டுப் போன கறுப்புச் சட்டை கொடியில் காயவே இல்லை. இஸ்திரி போட்டால் காயும் என்று போட்டேன். முதுகில் 'மஹாசிஸ்வா' (பல்கலைக்கழக மாணவர்) என்று அச்சடித்த எழுத்து உருகிப் பெட்டியில் ஒட்டிக்கொண்டது. நாற்றம் வேறு.

18, இரவு
தூக்கம் வரவில்லை. தம்பியும் கூட்டாளிகளும் நடத்திய பேரணிக்காகத்தான் இந்த வாக்குமூலம். பேரணிக்கு 5 நாள் முன்னதாகப் போலீசுக்கு எழுதித் தர வேண்டும். இவர்கள் 4 நாள் முன்னால் தந்தார்கள். ஒரு நாள்! அதற்கு 10,000 வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதம் போடலாமாம். கடையில் அம்மா சுடும் தோசை ஒன்று 2 வெள்ளி. கணக்குப் போட்டுவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன்.

19 நவம்பர்
காலையிலிருந்து அவனுக்கு அனுப்பியதெல்லாம் ஒற்றை டிக்.

ஹாங்காங்குக்கும் நமக்கும் ஒரே நேரம். இன்றுதான் உறைத்தது. இவன் ஸ்டேஷனில் இருந்த அதே காலையில் அங்கே 45 பேருக்குத் தண்டனை. சட்டப் பேராசிரியராக இருந்த பென்னி டாய்க்கு 10 வருஷம். மாணவர் தலைவனாக இருந்த ஜோஷுவா வோங்குக்கு நாலு வருஷம் எட்டு மாதம். சட்டமன்றத்துக்கு யாரை நிறுத்தலாம் என்று தாங்களே ஒரு முன்தேர்தல் நடத்தினார்கள். குற்றம் அதுதான்.

2015 மே 26. பினாங்கில் கூட்டாளிகளோடு ஜோஷுவா பேச்சைக் கேட்கப் போவதாக இருந்தேன். பாயான் லெப்பாஸ் விமான நிலையத்தில் இறங்கியவனை வெளியே விடாமல் அப்படியே திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவனுக்கு 18, எனக்கு 20. நாங்கள் நாசி கண்டார் சாப்பிட்டு, அரசாங்கத்தை வாய் வலிக்கத் திட்டி, வீட்டுக்கு வந்துவிட்டோம். என் போராட்டம் அத்தோடு சரி.

பாடத்திட்டத்தை எதிர்த்துப் பள்ளிப் பிள்ளைகளைத் திரட்டியபோது ஜோஷுவாவுக்கு 15 வயது. 2014-இல் ஹாங்காங் தெருக்களில் உட்கார்ந்த குடைப் போராட்டம் 79 நாள். முதல் சிறை 20 வயதில். இப்போது 28. 2020 நவம்பரிலிருந்தே உள்ளே. தம்பிக்கு 20. இந்தக் கணக்கை எதற்குப் போடுகிறேன்? ஹாங்காங் வேறு, கேஎல் வேறு. தெரியும்.

மாலை 4.10. இன்னும் ஒற்றை டிக்.

20 நவம்பர்
நேற்று ராத்திரி 11 மணிக்கு வேறு யாரோ நம்பரிலிருந்து கூப்பிட்டான். மூன்று மணி நேரம் உட்கார வைத்தார்களாம். போனை வாங்கி வைத்துக்கொண்டார்களாம். "ஒண்ணும் இல்லக்கா, ஸ்டேட்மெண்ட்தான்." குரலில் ஒரு பெருமை. ஓங்கி அறையலாம் போலிருந்தது. சாப்பிட்டியா என்று மட்டும் கேட்டேன்.

21 நவம்பர்
வழக்குப் போடுவார்களா என்று தெரிய இரண்டு மாதமும் ஆகலாம், இரண்டு வருஷமும் ஆகலாம் என்கிறார் வக்கீல்.

23 நவம்பர்
மாமா மாலை போட்டிருக்கிறார். இன்று அவர் வீட்டில் பூசை. அம்மா சேலைக்கு இஸ்திரி போட வந்தாள். பெட்டியைத் திருப்பிப் பார்த்தாள். கரண்டிக் காம்பால் கொஞ்சம் சுரண்டினாள். அப்புறம், என்னைப் பார்க்காமலே, "அவனுக்கு எப்ப கோர்ட்டு?" என்றாள்.